காணாத சுவருக்கு வைத்த கையொப்பம்

உருத்திரபுரத்தில் ஒரு வீட்டின் தகுதியை அறிய இப்போது யாரும் வயலின் பரப்பைக் கேட்பதில்லை. வந்தவர்களை இருத்தும் முன் ஹோலின் சுவரைப் பார்க்கிறார்கள். அங்கே அலுமாரிக் கதவின் பாதியளவில், வெள்ளை நிறத்தில், பச்சை விளக்கொன்று எரியும் பெட்டி தொங்கவேண்டும். கூரையில் பதித்த சோலர் தட்டுகள் வெயிலை மின்சாரமாக்கி இந்தப் பெட்டிக்குள் இறக்கும். கரண்ட் நின்றதும் பெட்டி அதைத் திருப்பித் தரும். பொருள் நல்ல பொருள்தான். அதை வாங்குகிறவர்களைப் பற்றித்தான் என்னால் அவ்வாறு சொல்ல முடியவில்லை.

கோயில் பரிபாலன சபையில் என்னோடு இருக்கும் ஒருவர், பெட்டியின் மேல் பூவேலை செய்த துணி போட்டிருக்கிறார். காற்றுப் போகும் துவாரங்கள் அவ்வளவையும் அது மூடிக்கிடக்கிறது. கேட்டேன். "தூசு படும் அண்ணை" என்றார். தூசு படாமல் அது மூச்சுத் திணறுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், சேமித்த மின்சாரம் தீர்ந்துவிடும் என்ற அச்சத்தில் கைத்தொலைபேசியைத் தவிர வேறெதையும் அதில் கொழுவுவதில்லை. கரண்ட் நின்றால் மெழுகுதிரி ஏற்றிவைத்து, பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்தபடி கதிரையில் அமர்ந்திருக்கிறார். இவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். மூன்றாவது வீட்டில், ஆயுத பூசையன்று பெட்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டின் இறந்துபோன பெரியவருடைய படம் பெட்டிக்கு இடம்விட்டு இப்போது சைக்கிள் நிறுத்தும் தாழ்வாரத்தில் தொங்குகிறது.

என் மகனும் வெளிநாட்டிலிருந்து ஒன்று அனுப்புவதாகச் சொன்னான். வேண்டாமென்றேன். என் வீட்டுச் சுவரைக் கொண்டு ஊருக்கு எதையும் அறிவிக்கும் தேவை எனக்கு இருந்ததில்லை.

நான் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கல்லூரியொன்றின் விடுதியில் இருந்து படித்தவன். மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கடமையாற்றிப் பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றேன். பின்னர் ஜே.பி. என்று ஊர் சொல்லும் சமாதான நீதவான் பதவி கிடைத்தது. ஊரில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால் என்னிடம்தான் வரும். உறுதிப்படுத்த ஒரு பத்திரம் இருந்தால் அதுவும் வரும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசியாமல் எதிலும் நான் கையொப்பமிட்டதில்லை. இதை ஊர் அறியும். கீழே நான் எழுதப்போவதற்குப் பின்னரும் அந்த வசனத்தை நான் திருத்த வேண்டியதில்லை. வாசித்துத்தான் இட்டேன்.

எங்கள் காணிக்கும் அடுத்த குடியிருப்புக்கும் இடையில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்தினர். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து கலவரங்களுக்குத் தப்பி வந்து, எங்கள் வயல்களில் வேலை செய்து, காலப்போக்கில் தங்களுக்கும் ஒரு துண்டு நிலம் தேடிக்கொண்டவர்கள். எங்கள் வீட்டார் வாய்க்காலைக் கடந்து போவதுண்டு. ஆனால் முற்றத்தோடு நிற்பார்கள். அங்கே ஒரு கதிரை கொண்டுவந்து போடப்படும். அதில் இருந்து பேசிவிட்டு எழுந்து வருவோம். வீட்டுக்குள் போவதில்லை. என் தந்தை போகவில்லை, நானும் போகவில்லை. இதற்கு ஒருவரும் விளக்கம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு பெண் கோழிக்குஞ்சு விற்று வாழ்கிறாள். நாற்பது வயதிருக்கும். கணவன் உழவு இயந்திரம் ஓட்டுகிறவன். பருவகாலத்தில் மட்டும் வேலை. முட்டைகளை அடுக்கிச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் மின்பெட்டி ஒன்றை அவள் வாங்கி, வீட்டின் சிறிய அறையில் வைத்திருந்தாள். இருபத்தொரு நாட்கள் அந்தப் பெட்டியின் சூடு குறையக்கூடாது. குஞ்சுகளை மல்லாவிச் சந்தைக்கும் கனகராயன்குளம்வரையும் பேருந்தில் கொண்டுபோய் விற்பாள். கரண்ட் நின்றுபோனால், சாக்கும் போர்வையும் கொண்டு பெட்டியை மூடிவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றி உள்ளே வைப்பாள் என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். ஊரில் சுவர்ப்பெட்டி உண்மையில் தேவைப்பட்ட ஒரே வீடு அது. இரண்டு பசுக்களை விற்று அதை அவள் வாங்கினாள்.

பொருத்துகிற நாளில் என்னை அழைத்து ஆள் வந்தது. பட்டணத்துக்கு வெளியே பெட்டி பொருத்தும்போது கிராம அலுவலரோ சமாதான நீதவானோ நேரில் கண்டு கையொப்பமிட வேண்டும் என்பது அந்தக் கம்பனியின் விதி. கிராம அலுவலர் அன்று கிளிநொச்சியில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். முத்திரையையும் மைப்பெட்டியையும் பையில் வைத்துக்கொண்டு, குடையோடு நான் போனேன்.

முற்றத்தில் எனக்கொரு கதிரை போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை. அதில் மனை பார்ப்பவர் அமர்ந்திருந்தார். இவரைப்பற்றிச் சொல்லவேண்டும். பத்து வருடங்களுக்கு முன் கிளிநொச்சிப் பட்டணத்தில் சைக்கிளில் சுவீப் டிக்கெட் விற்றவர். அதிலே ஒருவருக்கும் பரிசு விழாததால், வீட்டு வாசல் எந்தத் திசை பார்க்கவேண்டும், கிணறு எங்கே தோண்டவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அதற்குப் பரிசு விழவேண்டிய அவசியம் இல்லை. கழுத்தில் உருத்திராட்சம், கையில் திசைகாட்டி. நான் வந்ததும் எழும்பவில்லை.

"ஐயாவும் வந்திட்டியள். நல்லதாப் போச்சு" என்றார், நான் அவருடைய உதவியாளன் என்பதைப்போல. "நான் இவையளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு இருந்தனான். கரண்ட் எண்டால் என்ன ஐயா? நெருப்பு. நெருப்புக்கு உரிய இடம் எது? தென்கிழக்கு. அக்கினி மூலை. போன முறை முட்டை ஏன் கூழானது? முட்டைப் பெட்டியின்ரை நெருப்பு வடமேற்கிலை, வாயு மூலையிலை இருந்தது. அதுதான்."

அவரோடு பேசுவதை நான் பல வருடங்களாகத் தவிர்த்து வந்திருக்கிறேன். அந்த வீட்டில் தென்கிழக்கு மூலையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவும் இல்லை. அவருடைய பேச்சை உள்ளே வேலை செய்த கம்பனிக்காரர்களும் என்னைப்போலவே காதில் போடாமல் விடுவார்கள் என்று எண்ணினேன். அவர்கள் மாலைக்குள் முல்லைத்தீவில் இன்னொரு பெட்டி பொருத்தவேண்டிய அவசரத்தில் இருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் காட்டிய இடத்தில் அடித்துவிட்டுப் போனால் அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம்.

உள்ளே துளையிடும் சத்தம் நின்றது. கழுத்துப் பட்டியும் நனைந்த சட்டையுமாக விற்பனைப் பிரதிநிதி வெளியே வந்தான். முப்பது வயதிருக்கும்; நிமிடத்துக்கு மூன்று முறை சிரிக்கிறவன்.

"ஐயா, உள்ளை வந்து ஒருக்கால் பாக்கிறியளோ?"

"பார்க்கவேண்டியதைப் பத்திரத்திலை பார்ப்பன். கொண்டுவாரும்" என்றேன்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை அப்போது மரியாதை என்று நினைத்தேன்.

மூன்று பக்கப் பத்திரம். ஆங்கிலம். முழுவதையும் வாசித்தேன். பெட்டி முன் ஹோலின் வடக்குச் சுவரில், நிழலில், காற்றோட்டத்தோடு, அடுப்பிலிருந்தும் பிற வெப்பத்திலிருந்தும் விலகிப் பொருத்தப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தது. கீழே, 'எனது முன்னிலையில்' என்ற ஒரு வரி. உருத்திரபுரத்தின் ஆங்கில எழுத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பேனாவை எடுத்து அதைச் சேர்த்து, சேர்த்த இடத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். அவன் வெட்கப்பட்டான். எனக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு கையொப்பமிட்டு, முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதிக் கொடுத்தேன்.

ஒன்பது மாதங்கள் கழித்து அந்தப் பெண் எங்கள் படலையில் வந்து நின்றாள். கையில் அதே பத்திரத்தின் பிரதி. என் மனைவி அவளை உள்ளே வரச்சொன்னாள், அவள் வரவில்லை.

"பெட்டி செத்துப்போச்சு ஐயா" என்றாள். "ரெண்டு மாசமா சமைக்கிற நேரமெல்லாம் தானா நிண்டு நிண்டு வந்திச்சு. நேத்து லைன் வேலைன்னு காலையில கரண்ட வெட்டிட்டாங்க. அதோட பெட்டியும் நிண்டிருச்சு. நான் சந்தையில. திரும்பி வந்து பாத்தா முட்டை எல்லாம் குளிர்ந்து கிடக்கு. பதினெட்டாம் நாளு ஐயா. இன்னும் மூணு நாளு."

உடைத்துப் பார்த்தாளாம். இறகு முளைத்த குஞ்சுகள், ஓட்டுக்குள்ளே. அதை அவள் அழாமல் சொன்னாள். வாரண்டி இருக்கிறதென்று பிரதிநிதி சொல்லியிருந்தான். அவனுக்குத் தொலைபேசியில் சொன்னபோது, பத்திரத்தைப் போய் யாரையாவது வாசிக்கக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டானாம். புதுப்பெட்டி கிடைக்காவிட்டால் தொழிலை விடவேண்டியதுதான். விற்பதற்கு இனிப் பசு இல்லை.

நான் வாசித்தேன். வெப்பம், புகை, நீராவி படும் இடத்தில் பெட்டி பொருத்தப்பட்டிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று இரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருந்தது. முன்னரும் அதை வாசித்திருந்தேன்.

"உன்ரை பெட்டி வடக்குச் சுவரிலைதானே இருக்கு. பயப்பிடத் தேவையில்லை" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த விதத்தை நான் மறக்கப்போவதில்லை. "என்னங்க ஐயா சொல்றீங்க? குசினியில, அடுப்புக்கு மேலதானே அடிச்சாங்க. அக்கினி மூலைன்னு. நீங்க தெரிஞ்சுதானே கையெழுத்து வைச்சீங்க?"

தென்கிழக்கு மூலை. ஊரிலுள்ள எந்த வீட்டிலும் அந்த மூலையில் குசினிதான் இருக்கும். நெருப்பு அங்கே இருக்கவேண்டும் என்ற அதே கணக்கில்தான் மேசன்மார் எல்லா வீட்டையும் கட்டுகிறார்கள். மின்சாரமும் நெருப்பு என்று ஒருவர் சொல்ல, அதை விறகடுப்புக்கு நேர்மேலே ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒன்பது மாதங்கள் அரிசி வெந்த ஆவியும், மிளகாய் வறுத்த புகையும், தேங்காயெண்ணெயும் அந்தப் பெட்டியின் துவாரங்களுக்குள் போயிருக்கின்றன. இதைச் சொன்னவர் ஒரு முட்டாள், அடித்தவர்கள் சோம்பேறிகள், 'முன் ஹோல்' என்று எழுதியவன் பொய்யன். இவர்கள் எல்லோருக்கும் கீழே, மை காயும்வரை ஊதப்பட்ட ஒரு கையொப்பம் இருந்தது.

பார்க்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன். என் மனைவி படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

"உள்ளை போகேல்லையோ நீங்கள்?"

"எப்ப நாங்கள் உள்ளை போனனாங்கள்?"

"நான் போறனான்" என்றாள். "முட்டை வாங்க. அஞ்சு வருசமாப் போறன். உங்களுக்குச் சொல்லேல்லை, அவ்வளவுதான். ஒருக்கால் என்னட்டைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பன், பெட்டி அடுப்புக்கு மேலை நிக்குதெண்டு. கண்ட உடனை நினைச்சனான், என்ன விசர் வேலை எண்டு. நீங்கள் கையெழுத்து வைச்சது எண்டபடியால் பேசாமல் விட்டனான்."

என் கையொப்பத்தின் மீது அவளுக்கிருந்த மதிப்பும் அந்த முட்டைகளைக் கொன்றவற்றில் ஒன்று.

இரண்டு நாட்களில் பிரதிநிதி மோட்டார் சைக்கிளில் வந்தான். ஒரு பெட்டி மஸ்கற் இனிப்பு கொண்டுவந்திருந்தான். அதை மேசையில் வைத்தபோது சிரிப்பு குறைந்திருந்தது.

"ஐயா, அவையள் நேரை கம்பனிக்கு அறிவிச்சிட்டினம், வவுனியாவிலை இருந்து எஞ்சினியர் வாறா. வெள்ளிக்கிழமை. உங்களையும் கேப்பா. ஒண்டுமில்லை, நீங்கள் கண்ட நேரம் ஹோலிலைதான் இருந்தது எண்டு சொன்னால் காணும். பிறகு அவையளே குசினிக்கு மாத்தினவை எண்டு முடிஞ்சிடும். உங்கடை பேருக்கும் ஒண்டும் வராது, எனக்கும் வேலை போகாது."

"அவளுக்கு?"

"அவையளுக்கு வாரண்டி இல்லாமல் போகும்தான். அவையள் என்ன ஐயா, பழகின ஆக்கள். ஏதேனும் செய்து சமாளிப்பினம்."

நான் அவனை வெளியே போகச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. மஸ்கற்றை எடுத்துக்கொண்டு போகும்படி மட்டும் சொன்னேன். யோசிக்கிறேன் என்றும் சொன்னேன். அவன் ஒரு ஈனப்பிறவி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவன் என்னிடம் கேட்கத் துணிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தப் பத்திரம் பொய் என்று தெரிந்துகொண்டே, முற்றத்தில் இருந்தபடி நான் கையொப்பமிட்டதைக் கண்ட ஒரே ஆள் அவன். தன்னைப்போல் இன்னொருவனைக் கண்டுகொண்டதாக நினைத்திருப்பான்.

நான் கச்சேரியில் கீழ்நிலை இலிகிதனாக இருந்த காலத்தில், மேற்பார்வையாளர் ஒருவர் கட்டப்படாத ஒரு மதகைக் கட்டி முடிந்ததாகப் பத்திரம் கொடுத்தார். மழைக்காலம், பாதை மோசம், ஒப்பந்தக்காரனின் சொல்லை நம்பினேன் என்றார். அவரை இடைநிறுத்தும் கடிதத்தை வரைந்தவன் நான். கண்ணால் காணாததைக் கண்டேன் என்று எழுதுகிறவன் அரசாங்கத்தின் சோற்றைத் தின்னத் தகுதியற்றவன் என்ற கருத்துப்பட ஒரு வசனம் சேர்த்திருந்தேன். மேலதிகாரி அதைக் கடுமையாக இருக்கிறதென்று வெட்டினார். அவர் வெட்டியது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் பிறகு தெருவில் என்னைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி மற்றப் பக்கமாகப் போவார். பல வருடங்கள் அதை நான் சரியென்று எண்ணியிருந்தேன். அவருக்கு மழையாவது இருந்தது. என் விடயத்தில் ஒரு கதவும், நான்கைந்து அடித் தூரமும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொறியியலாளர் வந்தார். சிறிய வயதுப் பெண். காற்சட்டையும் தொப்பியும் அணிந்திருந்தார். முற்றத்தில் ஏற்கெனவே பத்துப் பேர் கூடிவிட்டார்கள். வேலை இல்லாதவர்களுக்கு ஊரில் குறைவில்லை. மனை பார்ப்பவரும் வந்திருந்தார். இந்த முறை கதிரையில் இருக்கவில்லை.

"நான் மூலையைத்தான் சொன்னனான், அம்மா" என்று கேட்காமலே தொடங்கினார். "அடுப்புக்கு மேலை எண்டு என்ரை வாயாலை வரேல்லை. அக்கினி மூலையிலை அடுப்பு இருந்தால் அதுக்கு நான் என்ன செய்ய?"

"அக்கினி மூலையிலை அடுப்பை வைக்கச் சொன்னதும் நீங்கள்தானே, சாத்திரியார்!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "இனி ரெண்டையும் தூக்கிப்போட்டு நீங்களே அதிலை நில்லுங்கோ!" எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை.

பிரதிநிதி தான் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னான். ஹோலிலே பொருத்திக் கொடுத்தோம், படிவத்தைப் பாருங்கள், ஜே.பி. ஐயாவின் கையொப்பமும் முத்திரையும் இருக்கின்றன, பிறகு வீட்டுக்காரர் கழற்றி மாற்றியிருக்கிறார்கள்.

"பொய்" என்றாள் அந்தப் பெண். "நாங்க கையே வைக்கல்ல. அதக் கழட்டத் தெரிஞ்சா நான் ஏன் உங்கள கூப்புடுறேன்?"

பொறியியலாளர் பத்திரத்தைப் புரட்டினார். "ஐயா, இது உங்கடை கையெழுத்துத்தானே? நீங்கள் பாத்த நேரம் ஹோல் சுவரிலையோ இருந்தது?"

அவர் மிக மரியாதையாகத்தான் கேட்டார். 'ஓம்' என்ற ஒரு சொல் போதும். என் பெயர் இருந்த இடத்தில் இருக்கும். பொய்க்காரி என்ற பெயரோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் ஒருத்தி இருப்பாள். அதையும் ஊர் இலகுவாக நம்பும். என் சொல்லுக்கும் அவளுடைய சொல்லுக்கும் ஊரில் என்ன நிறை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முடிவு ஏற்கெனவே வந்துவிட்டது என்று எண்ணுகிறவளின் நிற்பு அது. அந்த நிற்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னைப்பற்றி ஒருவர் இவ்வளவு நிச்சயமாக இவ்வளவு தாழ்வாக நினைக்க இடம் கொடுத்ததில்லை என்று வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்தவன் நான்.

"நான் சுவரைப் பார்க்கேல்லை, பிள்ளை" என்றேன். "இந்த முத்தத்திலை இருந்துதான் கையொப்பம் வைச்சனான். பத்திரத்திலை எழுதியிருந்ததை நம்பினனான். ஹோல் எண்டு எழுதினது இவர். பெட்டியை அங்கை அடிச்சது இவற்றை ஆக்கள். இவையள் மாத்தேல்லை."

பிரதிநிதி கைத்தொலைபேசியை எடுத்து எதையோ தேடினான்.

"உள்ளை போகாமலோ ஐயா வைச்சனீங்கள்?"

"ஓம்."

"ஏன்?"

கேட்கக்கூடாத கேள்வி என்று அந்த வயதில் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"ஐயா எங்க வீட்டுக்குள்ள வர மாட்டாருங்க" என்றாள் அந்தப் பெண். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே." மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

பொறியியலாளர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு, "அப்ப இப்ப வாங்கோ. நீங்கள் சாட்சி எண்டு போட்டிருக்கு. சாட்சி பாக்கோணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் செருப்பைக் கழற்றினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அந்த மரியாதை வேண்டாத மரியாதையாக இருந்தது.

குசினி என் வீட்டுக் குசினியைவிடச் சுத்தமாக இருந்தது. அடுப்புக்கு மேலே, ஒரு முழ உயரத்தில், அந்தப் பெட்டி. வெள்ளை என்று இப்போது சொல்ல முடியாது. துவாரங்களில் எண்ணெயும் கரியும் சேர்ந்து தடித்திருந்தன. அதை அவள் வாரந்தோறும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள் போலும், மேற்பரப்பில் மட்டும் பாதை பாதையாக வெள்ளை தெரிந்தது. பொறியியலாளர் மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த சிறிய விசிறி சுற்றமுடியாமல் ஒட்டிப்போயிருந்தது. ஹோலின் வடக்குச் சுவரையும் காட்டினார்கள். அதில் ஓர் ஆணித் துளைகூட இல்லை.

முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்டார். அந்தக் குசினியிலே, அம்மிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில் வைத்து, நின்றபடி எழுதினேன். 'பார்க்காமல் சான்றளித்தேன்' என்பதை நான் எழுத நினைத்ததைவிடச் சுருக்கமாக எழுத முடிந்தது.

பிழை கம்பனியினுடையது என்று முடிவாகி, புதுப்பெட்டி தருவதாக இரண்டு வாரத்தில் அறிவித்தல் வந்தது. பிரதிநிதி இப்போது தண்ணீர்ப் பம்பி விற்கிறான் என்று கேள்வி. மனை பார்ப்பவரின் தொழிலுக்கு ஒரு குறையும் வரவில்லை. பெட்டி செத்தது அடுப்பு ஒரு சாண் விலகியிருந்ததால் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார், கேட்பதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். என் பங்குக்கு ஊர் எனக்குச் சில புதிய உபசாரங்களைச் செய்தது. சங்கக்கடையில் ஒருவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமொன்றை நீட்டி, "ஐயா, பிள்ளையை வீட்டிலை போய்ப் பாத்திட்டு வைப்பியளோ, இல்லை இதிலையே வைப்பியளோ?" என்றார். கடை முழுவதும் சிரித்தது. நான் பத்திரத்தை வாங்கி, வாசித்து, கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். பரிபாலன சபையின் அடுத்த கூட்டத்தில் கணக்குப் பரிசோதனைக்கு என் பெயரை யாரும் முன்மொழியவில்லை. பூவேலைத் துணிக்காரரின் பெயரை முன்மொழிந்தார்கள். இந்த மனிதர்களின் மதிப்பை இத்தனை காலம் காத்துவந்தேன் என்பதுதான் இதில் எனக்கு மிகப்பெரிய அவமானம்.

புதுப்பெட்டி பொருத்திய நாளில் யாரும் என்னை அழைக்கவில்லை. நானாகவே போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன், "வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது, போனேன். பெட்டி வடக்குச் சுவரில் ஏறியிருந்தது. சிறிய அறையில் புது முட்டைகள் அடுக்கியாகிவிட்டன. பொருத்துகிறவர்கள் இரண்டு பேரும் புதியவர்கள். கையில் படிவம் வைத்திருந்தவரிடம் சாட்சியின் கையொப்பம் எங்கே வரும் என்று கேட்டேன்.

"இப்ப அது இல்லை ஐயா. எடுத்துப்போட்டினம். வீட்டுக்காரர் போனிலை சுவரைப் படமெடுத்து அனுப்பினால் காணும்."

புதுப் படிவத்தின் நான்கு பக்கங்களையும் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அந்த வரி இருந்த இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம் மட்டும் இருந்தது. எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுத்து வந்தாள். சுவருக்கு எதிரே நின்று அதை உயர்த்தினாள், தாழ்த்தினாள், ஒரு அடி பின்னால் போனாள்.

"ஐயா, கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க. சுவர் முழுசாத் தெரியணுமாம்."

நான் விலகி நின்றேன்.